அரைச் சுற்று

ஸ்க்ரூ நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் இன்னும் அரைச் சுற்று முறுக்கிவிடுவது டாக்டரின் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. முதுகெலும்பில் ஸ்க்ரூ போடுகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்த வியாதி உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள்.

அவருக்குக் கைராசி டாக்டர் என்று பேர். நோயாளிகள் வைத்த பேர்தான், ஆனால் அவருக்கும் அதில் ஒன்றும் கசப்பில்லை. எலும்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளக்க ஒரு ஸ்கேன் உண்டு. பக்கத்து அறையில் உட்காரும் ஜூனியர் டாக்டரம்மா, அறுபது தாண்டிய எல்லோருக்கும் அதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். நம்மவர் எழுத மாட்டார். "உள்ள போனா கையே சொல்லிடும்" என்பார். கை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டும் இருந்தது. ஆனால் சொன்னதைக் கேட்காமல் விட்டால் கை பாவம் என்ன செய்யும்?

அந்த அம்மாளுக்கு எழுபத்தோரு வயது. இடுப்புப் பக்கம் ஒரு எலும்பு முன்னால் நழுவி, காலுக்குப் போகிற நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. பத்தடி நடந்தால் கால் மரத்துப் போகும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் ஐந்து வீட்டுச் சுவரில் கை வைத்து இளைப்பாறுவதாகச் சொன்னார். நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி போட்டு நழுவிய எலும்பை நிறுத்திவிட்டு, நரம்புக்கு வழிவிட வேண்டும். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அன்றைக்கென்று பார்த்து, வெளியூரிலிருந்து இரண்டு டாக்டர்கள் ஆபரேஷன் தியேட்டரில் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வேடிக்கை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். இவருடைய கையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள். அது இவருக்கும் தெரியும், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பேசிக்கொண்டு வேலை செய்தார்.

எலும்பில் வழி போடும்போதே கை சொல்லிவிட்டது. நல்ல எலும்பு என்றால் கருவி கரகரவென்று முரண்டு பிடித்துக்கொண்டுதான் இறங்கும். இது பாலில் ஊறின ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. மூன்று ஸ்க்ரூக்கள் எப்படியோ பிடித்துக்கொண்டன. நான்காவது, வலது பக்கம் கீழே. அதுவும் உட்கார்ந்துதான் இருந்தது. அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பழக்கதோஷம், இன்னும் அரைச் சுற்று கொடுத்தார். கையில் இருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போயிற்று. எலும்புக்குள் ஸ்க்ரூ வெட்டி வைத்திருந்த மரை முழுக்கப் பொடிந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றியது.

எதிரே நின்ற தியேட்டர் சிஸ்டர் இருபது வருஷமாக அந்தக் கையைப் பார்த்து வருகிறவர். முகமூடிக்கு மேலே கண்ணை உயர்த்தினார்.

"சிமெண்ட் கலக்கட்டுமா சார்?"

எலும்பு சிமெண்ட் என்று ஒன்று இருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் அதைக் கொஞ்சம் செலுத்திவிட்டு மறுபடி ஸ்க்ரூவை இறக்கினால், கால் மணி நேரத்தில் கல்லாக இறுகிப் பிடித்துக்கொள்ளும். அது வேண்டாமென்றால் இன்னும் பருமனான ஸ்க்ரூ போடலாம். இரண்டும் பெரிய காரியமில்லை, கேவலமும் இல்லை. வயதான எலும்பில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் கேட்டது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

"எதுக்கு? நல்லா பிடிச்சிருக்கு," என்றார் டாக்டர். "கம்பியைக் குடுங்க."

கம்பியை மாட்டி மேலே மூடிகளை இறுக்கிவிட்டால் எல்லாம் ஒரே கட்டாக நிற்கும். ஆட்டிப் பார்த்தாலும் ஆடாது. எந்த ஸ்க்ரூ சொந்தக் காலில் நிற்கிறது, எது மற்ற மூன்றின் தயவில் நிற்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வந்தவர்கள் பிரமாதம் என்று தலையாட்டினார்கள். 'நான்கு ஸ்க்ரூக்களும் நல்ல பிடிப்பு' என்று ஆபரேஷன் குறிப்பில் அவரே எழுதினார். எழுதும்போது கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பிற்பாடு அதை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டார்.

ஆறு வாரம் கழித்து அம்மாள் வந்தார், கூடவே வீட்டுக்காரரும் மகனும். முதல் மாதம் ஜோராக நடந்தாராம், எந்த வீட்டுச் சுவரையும் தொடவில்லையாம். அப்புறம் வலி பழையபடி திரும்பிவிட்டது. எக்ஸ்ரே திரையில் வந்ததும், அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள்ளேயே டாக்டர் பார்த்துவிட்டார். வலது பக்கம் கீழே இருந்த ஸ்க்ரூவைச் சுற்றி, பிடிப்பு விட்டதற்கு அடையாளமாகக் கறுப்பாக ஒரு வளையம். ஸ்க்ரூ நாலைந்து மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்து வந்திருந்தது.

அவர் வாய் தன்பாட்டுக்கு ஒரு கேள்வி கேட்டது. முதுகு பார்க்கிற எல்லா டாக்டரும் கேட்கிற கேள்விதான்.

"குனிஞ்சீங்களா?"

ஆறு வாரம் குனியாமல் இருந்த மனிதர் உலகத்தில் எங்காவது உண்டா? அதனால்தான் அந்தக் கேள்வி டாக்டர்களுக்கு அவ்வளவு பிரியம். கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். வந்துவிட்டால் பழி அந்தப் பக்கம் போய்விடும்.

அம்மாள் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தையல் மிஷின் மெக்கானிக். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் நாற்பது வருஷம் வேலை செய்தவர். இப்போது கண் மோசமாகி, வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது.

"ஒரே ஒரு தடவை டாக்டர்," என்றார் அம்மாள். "இவரு கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. தரையில தடவித் தடவித் தேடிட்டு இருந்தாரு. பார்க்கப் பொறுக்கல. குனிஞ்சு எடுத்துக் குடுத்துட்டேன்."

"அதான்," என்றார் டாக்டர்.

ஒரே ஒரு வார்த்தை. பொய் என்று யாரும் பிடித்துவிட முடியாது, கேட்டால் சும்மா ம் கொட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மகன் அப்பாவின் பக்கம் திரும்பியதை டாக்டர் பார்த்தார்.

"எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்பா? அம்மாவை எதுக்கும் குனிய விடாதீங்கன்னு. ஒரு கண்ணாடியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அம்மாள் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு பெல்ட், ஓய்வு, ஊசி என்று எழுதினார். கூடவே, முன்பு எழுதாத அந்த எலும்பு ஸ்கேனையும் எழுதினார். அம்மாளின் எலும்பு சல்லடை மாதிரி துளை விழுந்து போயிருக்கிறது என்று முடிவு வந்தது. கை முன்னமே சொன்ன சேதிதான்.

ஒரு மாதம் பெல்ட்டும் ஊசியுமாகப் பார்த்தார்கள். ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் வெளியே வந்ததுதான் மிச்சம். திரும்பவும் ஆபரேஷன், இந்தத் தடவை சிமெண்ட்டோடு என்று தேதி குறித்தாயிற்று. நடுவில் அவர்கள் இரண்டு தடவை வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் டாக்டர் நினைத்தார். நாற்காலி காலியாக இருந்தும் மெக்கானிக் உட்காராமல் கதவோரம் நிற்பதைப் பார்த்ததும், அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். சிஸ்டர் இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவர் முன்பு போலவே கருவியை எடுத்து நீட்டினார், முன்பு போலவே சார் என்றார். டாக்டர்தான் அவர் கண்ணைப் பார்க்காமல் கருவியை வாங்கக் கற்றுக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மாளை வார்டில் சேர்த்தார்கள். அன்று மதியம் டாக்டர் தன் அறையில் தனியாக இருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். மெக்கானிக். கண்ணாடியின் இரண்டு காம்பையும் ஒரு கறுப்புக் கயிற்றில் முடிந்து கழுத்தில் மாட்டியிருந்தார். டாக்டரின் பார்வை அந்தக் கயிற்றை விட்டு நகரவில்லை.

"உக்காருங்க ஐயா."

"பரவாயில்ல டாக்டர், நின்னுக்கறேன். ரெண்டே நிமிஷம்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொதல்ல உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். எப்பவும் கும்பலா வந்துட்டுப் போயிடறோம், கேக்க முடியல. நல்லா பண்ண வேலை, என்னால கெட்டுப்போச்சு. நானும் கைவேலை பார்த்தவன். பாடுபட்டுச் சரி பண்ணிக் குடுத்த மிஷினை வீட்டுல யாராச்சும் போட்டுக் கெடுத்துட்டா எப்படி எரிச்சல் வரும்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"இன்னொண்ணு கேக்கணும். ஆபரேஷன் முடிஞ்சு அவ வீட்டுக்கு வந்ததும், மூணு மாசம் நான் பொண்ணு வீட்டுல போய் இருக்கணும்னு பையன் சொல்லிட்டான். அது வெளியூரு. அவன் சொல்றதும் நியாயந்தான். நான் இருந்தா எதையாச்சும் கீழ போடுவேன், அவ சும்மா இருக்க மாட்டா. அவளும் போகாதீங்கன்னு சொல்லல. என்கூடப் பேசியே அஞ்சு வாரம் ஆச்சு." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "நாப்பத்தெட்டு வருஷத்துல நாங்க ரெண்டு நாளுக்கு மேல பிரிஞ்சு இருந்ததில்ல. அதான் கேக்க வந்தேன். மூணு மாசத்துல எலும்பு பிடிச்சிடுமா? அப்புறம் நான் திரும்பி வந்துடலாமா? நீங்க ஒரு தேதி சொல்லிட்டீங்கன்னா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

எத்தனையோ பேர் டாக்டர் முன்னால் நின்று எத்தனையோ தேதிகளைக் கேட்டிருக்கிறார்கள். தன் வீட்டுக்குத் திரும்பி வர டாக்டரிடம் தேதி கேட்ட மனிதர் இவர் ஒருவர்தான்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம் ஐயா," என்றார். "உங்க மேல தப்பு இல்ல. என் மேலதான்."

மெக்கானிக் அவரையே பார்த்தார். பிறகு கண் கலங்கிவிட்டது.

"பெரிய மனசு டாக்டர் உங்களுக்கு. என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. எல்லாரும் சும்மாவா உங்களைக் கொண்டாடறாங்க?"

இங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவர் நம்பவில்லை, நான் என்ன செய்யட்டும்? மனசாட்சியின் வாயை அடைக்க இது போதும். உண்மையைச் சொல்லப்போனால் டாக்டர் ஒரு நிமிஷம் நிறுத்தத்தான் செய்தார். பெரிய மனசு என்று கேட்டபோது உள்ளே ஒரு மூலையில் குளிர்ச்சியாகக்கூட இருந்தது. அது தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பாகிவிட்டது.

"ஆறுதலுக்குச் சொல்லல. கேளுங்க. அந்த ஸ்க்ரூ சரியா உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம் நான் இன்னும் அரைச் சுத்து முறுக்கினேன். அவங்க எலும்பு ரொம்ப மெலிசு, தாங்கல. மரை போயிடுச்சு."

மெக்கானிக்கின் முகம் மாறியது. இதுவரை நோயாளியின் வீட்டுக்காரராக நின்றவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் தொழில்காரராக நிமிர்ந்தார்.

"மரை போயிடுச்சா?"

"ஆமா."

"அப்ப ஸ்க்ரூ சும்மா சுத்தியிருக்குமே."

"சுத்துச்சு."

"கையில தெரிஞ்சிருக்குமே டாக்டர்."

வேறு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். "தெரிஞ்சுது," என்றார் டாக்டர்.

"அப்பவேவா?"

"அப்பவே."

மெக்கானிக் கையால் துழாவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். "அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியும். பெரிய ஸ்க்ரூ போட்டிருக்கலாம். சிமெண்ட் வச்சிருக்கலாம். சிஸ்டர் கேக்கவும் கேட்டாங்க. வெளியூர் டாக்டருங்க பார்த்துட்டு இருந்தாங்க. எனக்குக் கவுரவப் பிரச்சினையா போச்சு. நல்லா பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க குனியாம இருந்திருந்தாலும் அது வெளிய வந்திருக்கும்."

கத்துவார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. மெக்கானிக் கத்தவில்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தார்.

"நான் யோக்கியன்னு சொல்லல டாக்டர்," என்றார் கடைசியில். "மரை போன ஓட்டையில ஸ்க்ரூவைச் சும்மா சொருகிட்டு நானும் ஒரு வீட்டுலேர்ந்து வந்திருக்கேன். அவசரம், வேற வேலை இருந்துச்சு. மறுநாளே கூப்பிட்டுட்டாங்க. ஆனா போய் நின்னுட்டு, நீங்க என்ன பண்ணீங்கன்னு அந்த வீட்டம்மாவைக் கேக்கல."

டாக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நாற்பது வருஷப் படிப்பிலும் பேரிலும் யாரும் அவரை இப்படி அடித்ததில்லை. அடித்தவருக்கு அடித்தோம் என்ற எண்ணம்கூட இல்லை.

"வாங்க," என்று மெக்கானிக் எழுந்தார். "இதை நான் போய்ச் சொன்னா, தப்பிச்சுக்கப் பார்க்கறேன்னு நினைப்பாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

வார்டுக்குப் போகிற நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் வழக்கம்போல் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் தன் பக்கத்தில் இருந்தவரிடம், இவர்தான் அந்தக் கைராசி டாக்டர் என்று காட்டினாள். உட்காருங்க, உட்காருங்க என்று டாக்டர் அவசரமாகக் கையைக் காட்டிக்கொண்டே போனார். முன்னால் மெக்கானிக் சுவரைத் தொட்டபடி நடந்தார்.

அம்மாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மகன் ஜன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் உட்காரவில்லை. எதையும் மிச்சம் வைக்காமல், அரைச் சுற்றிலிருந்து 'அதான்' வரைக்கும் சொன்னார். பழகிய மருத்துவ வார்த்தைகள் இரண்டு மூன்று தடவை உதவிக்கு ஓடி வந்தன, அவற்றை விலக்கிவிட்டுச் சாதாரணமாகச் சொல்லவே பாடுபட்டார். 'எதிர்பாராத விதமா' என்று ஒருதரம் ஆரம்பித்து, வேண்டாமென்று நிறுத்திக்கொண்டார்.

மகன் போனைப் பாக்கெட்டில் போட்டான்.

"குனிஞ்சீங்களான்னு நீங்கதானே கேட்டீங்க?"

"நான்தான் கேட்டேன்."

"கண்ணாடியைச் சொன்னதும் அதான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீங்க யார்கிட்ட வேணும்னாலும் குடுங்க."

மகன் அப்பாவின் பக்கம் திரும்பப் பார்த்தான், முடியவில்லை, மறுபடி ஜன்னலுக்கே போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, ஐந்து வாரமாக அப்பாவைப் பேசிய பேச்செல்லாம் இப்போது அவனுக்கு ஞாபகம் வருகிறது என்று. அந்த வேதனையும் நான் கொடுத்ததுதான் என்று டாக்டர் நினைத்தார்.

அம்மாள் டாக்டரைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு யாரு பண்ணுவாங்க?" என்றார்.

"நீங்க சொல்றவங்க பண்ணுவாங்க அம்மா. ஜூனியர் டாக்டரம்மா இருக்காங்க, ரொம்பக் கவனமா பண்ணுவாங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாலும் நானே பேசி ஏற்பாடு பண்ணித் தர்றேன்."

அம்மாள் மெல்லத் தலையைத் திருப்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க," என்றார்.

மெக்கானிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். யோசித்துத்தான் சொன்னார், ஒரு மிஷினைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படி.

"அந்த டாக்டரம்மாவே பண்ணட்டும்." பிறகு டாக்டரின் பக்கம் திரும்பினார். "நீங்களும் பக்கத்துல நில்லுங்க. எந்த ஓட்டை எவ்வளவு கெட்டிருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும், கேட்டா சொல்லுங்க. ஆனா கையை வைக்காதீங்க."

"சரிங்க ஐயா," என்றார் டாக்டர்.

இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். திட்டுவார்கள், வழக்குப் போடுவேன் என்பார்கள், எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார். அம்மாள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மெக்கானிக் அந்த இடத்தில் ஓரமாக உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று அம்மாள் அவரைக் கேட்டார்.

"இல்ல."

"காலையிலேர்ந்தேவா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாள் கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். தான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. அவர் கதவருகே போனபோது மகன் திரும்பாமலே சொன்னான்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க டாக்டர்."